பீட் இல்லாத கலவையில் தக்காளி

இங்கிலாந்தில் எங்கள் வீட்டுத் தோட்டத்துக்குப் பீட் கலந்த தொட்டிக்கலவை வாங்குவதை நிறுத்திவிட்டேன். பீட் என்பது சதுப்புநிலத்து மட்கு. அது ஒரு மில்லிமீட்டர் சேரவே ஏறக்குறைய ஓர் ஆண்டு ஆகும். ஒரு தக்காளித் தொட்டிக்காக அதை வெட்டியெடுப்பது நியாயமே இல்லை.

மாற்றிய புதிதில் தக்காளி இலைகள் வெளுத்தன. புதுக் கலவையில் இருப்பது மரநார், மரப்பட்டை, தென்னை நார்த்தூள் (இது இந்தியா, இலங்கையிலிருந்து வருவது). மரநார் மட்கும்போது நுண்ணுயிர்கள் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். அதனால் திரவ உரத்தை முன்கூட்டியே, வாரந்தோறும் ஊற்றத் தொடங்கினேன். புதுத் துளிர்கள் நல்ல பச்சையாக வந்தன.

அப்புறம் தண்ணீர். மேலே காய்ந்து தெரிந்தாலும் அடியில் ஈரம் இருக்கும். விரலை உள்ளே விட்டுப் பார்த்துத்தான் ஊற்றுகிறேன். விதைப்புக்கு மட்டும் கலவையைச் சலித்துக்கொள்ளுங்கள், மரத்துண்டுகள் முளையைத் தடுக்கும்.