திருகோணமலைக் கடலில் சுழியோடப் போகிறவர்களுக்கு: முதலில் அந்தப் படிவம்

புறாத்தீவிலோ கோணேசர் மலையடியிலோ வழிகாட்டியோடு சுழியோட நினைப்பவர்கள், விமானச் சீட்டு எடுத்த வாரமே ஒரு வேலையை முடிக்கவேண்டும். சுழியோடிகளுக்கான மருத்துவப் படிவத்தை இறக்கி, இப்போது வாழும் நாட்டிலேயே குடும்ப வைத்தியரிடம் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள்.

படிவத்தில் 10 கேள்விகள். சாதாரண உடற்பயிற்சியே கஷ்டமா, கடந்த 12 மாதத்தில் சத்திரசிகிச்சை நடந்ததா, வைத்தியர் எழுதிய மருந்து எடுக்கிறீர்களா: இவற்றில் ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலே வைத்தியரின் ஒப்பம் வேண்டும். பிரஷர் குளிசை, சீனிக் குளிசை எல்லாம் இதில் அடங்கும். மற்றக் கேள்விகளுக்கு ‘ஆம்’ என்றால் அடுத்த பக்கத்துப் பெட்டிகளுக்குப் போகவேண்டும். 45 வயதைத் தாண்டியவர்களின் பெட்டி, நெருங்கிய இரத்த உறவில் யாரும் 50 வயதுக்குமுன் இதயநோயால் இறந்தார்களா என்று கேட்கும். அதற்கு எங்களில் பலரிடம் பதில் இல்லை. சித்தப்பாவின் சாவு தொலைபேசியில் வந்த செய்தி. என்ன வருத்தம் என்று கேட்க அன்று மனம் வரவில்லை; பிறகு கேட்க ஆளும் இல்லை. ஊரில் ஒரு மாமி மிஞ்சியிருந்தால் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள்.

இதைச் செய்யாமல் போனால் நடப்பது இதுதான். சுழியோடுவதற்கு முதல்நாள் மாலை, கூட்டிப்போகிறவர்கள் படிவத்தைத் தருவார்கள். ஒரு ‘ஆம்’ விழுந்ததும், வைத்தியர் ஒப்பமில்லாமல் படகில் ஏற்றமாட்டோம் என்பார்கள். அது சரியான முடிவு. மறுநாள் ஞாயிறாகவோ போயாவாகவோ இருக்கும். தனியார் கிளினிக்கில் ஈசிஜி கேட்பார்கள், பழைய அறிக்கைகள் கேட்பார்கள். உங்களை முதன்முறை பார்க்கும் வைத்தியர், ஆழத்தில் என்ன ஆகும் என்பதற்குத் தன் பெயரைப் பணயம் வைக்கத் தயங்குவார். 2022க்குப் பிறகு எத்தனையோ வைத்தியர்கள், நாங்கள் போன வழியிலேயே வெளிநாடு போய்விட்டார்கள். மிஞ்சியிருப்பவரின் வரிசையில் உண்மையான நோயாளிகள் காத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் உறவினர் ஒருவர், “டொக்டர் எங்கட பெடியன்தான், கேட்டால் கையெழுத்து வைப்பான்” என்பார். இன்னொருவர், “எல்லாத்துக்கும் இல்லை எண்டு போடுங்கோ” என்பார். இரண்டையும் செய்யாதீர்கள். மறைத்தது தெரிந்தால் காப்புறுதி கைவிடும்; தெரியாமல் போனால் ஆபத்து உங்கள் உடம்புக்கு.

பருவம் மே முதல் செப்டம்பர் வரை. கச்சான் காற்று மதியத்துக்குப்பின் கூடும் என்பதால் காலையிலேயே இறங்குங்கள். புறாத்தீவு நிலாவெளிக் கரையிலிருந்து ஏறக்குறைய 1 கிலோமீற்றர். 2003 முதல் தேசிய பூங்கா. வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்கு வெளிநாட்டவர் கட்டணம்தான், தமிழில் பேசினாலும். இலங்கை அடையாள அட்டை இருந்தால் கொண்டுபோங்கள்.

ஒரு பக்கம் மான்கொம்புப் பவளம், அதற்குள் கிளிமீன், களவா, பொந்துக்குள் அஞ்சாளை. மறுபக்கப் பாறையோரம் கருமுனைச் சுறா. ஆழம் குறைந்த இடத்திலேயே திரியும், துரத்தாவிட்டால் தானே சுற்றிவரும். அழுங்காமை மூச்செடுக்க மேலே போகும்போது வழிவிடுங்கள். பவளத்தில் கால் ஊன்றினால் அது முறியும், பக்கத்திலிருக்கும் கடல்முள்ளெலியின் முள் காலில் ஏறும். கோணேசர் மலையடியில் 1620களில் போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோயிலின் செதுக்குக் கற்கள் கிடக்கின்றன. ஒன்றையும் தொடவேண்டாம்.

பயிற்சியில்லாதவர்களுக்கு எல்லை 12 மீற்றர், குறைந்த வயது 10. இறங்குமுன், வாயில் கவ்வும் மூச்சுக் கருவியான ரெகுலேட்டரில் நாலைந்து மூச்செடுத்தபடி அழுத்தமானியைப் பாருங்கள். முள் ஆடினால் சிலிண்டர் வால்வு முழுதாகத் திறக்கவில்லை. மீசைக்காரருக்கு மாஸ்க் கசியும். மூக்குக்குக் கீழே மீசையின் மேலோரத்தை மட்டும் மழித்துவிடுவது நல்லது. காது வலிக்கத் தொடங்குமுன்பே, ஒவ்வொரு மீற்றருக்கும் மூக்கைப் பிடித்து மெல்ல ஊதுங்கள். தடிமன் இருந்தால் இறங்கவே வேண்டாம். குளிசை போட்டு இறங்கி, அதன் வேகம் கீழே குறைந்தால் மேலே வரும்போது காது அடைத்துக்கொள்ளும்.

பல நாள் சுழியோடினால், கடைசி முறைக்குப்பின் விமானம் ஏற 18 மணிநேரமாவது விடவேண்டும். மலையிலும் காற்றழுத்தம் குறைவு என்பதால் மலையேறுவதும் அதே கணக்கு: நுவரெலியா 1,868 மீற்றர். குடும்பம் வானை ஒழுங்குபண்ணிவிட்டது என்பதற்காக அன்று மாலையே அங்கே போகாதீர்கள். நல்லூர்த் திருவிழாவுக்கு யாழ்ப்பாணம் போவதென்றால் வழியெல்லாம் தாழ்நிலம், அன்றே புறப்படலாம்.