நகையை எங்கே வைப்பது: லாக்கரா, வீட்டு பீரோவா?

மாதம் ஒருமுறையாவது போடும் நகையை மட்டும் வீட்டில் வைத்துக்கொண்டு, மீதியை லாக்கருக்கு அனுப்புங்கள். சாதாரண பீரோவைக் கடப்பாரையால் நெம்பினால் திறந்துவிடும். சின்ன இரும்புப் பெட்டியும், கான்கிரீட் சுவரிலோ தரையிலோ போல்ட் போட்டு இறுக்காவிட்டால், அப்படியே தூக்கிக்கொண்டு போகத் தோதானதுதான்.

லாக்கர் என்றால் முழு மதிப்புக்கும் வங்கி பொறுப்பு என்று நினைக்க வேண்டாம். ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி திருட்டு, தீ, கட்டட இடிவு, ஊழியர் மோசடி ஆகியவற்றுக்கு ஆண்டு வாடகையைப் போல் 100 மடங்குதான் உச்சவரம்பு. வாடகை 4,000 ரூபாய் என்றால் 4 லட்சம். வெள்ளம், நிலநடுக்கம் போன்றவற்றில், வங்கி அலட்சியமாக இருந்திருந்தால் தவிர, பொறுப்பு கிடையாது. அதனால் தனியாக நகைக் காப்பீடு எடுங்கள். பாலிசியில் 'லாக்கரில் உள்ளவை' சேர்ந்திருக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.

லாக்கர் எடுக்கும்போதே நாமினி பதிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் வாரிசுகள் அலைய வேண்டிவரும். வாடகை ஒழுங்காகக் கட்டினாலும் ஏழு ஆண்டு எட்டிப் பார்க்காமல், உங்களைக் கண்டுபிடிக்கவும் முடியாவிட்டால், தகவல் அனுப்பிவிட்டு வங்கி உடைத்துத் திறக்கலாம். வருடம் ஒருமுறை போய்வாருங்கள். ஒவ்வொரு நகையையும் எடையோடு படம் எடுத்து, பில்லை வேறிடத்தில் வையுங்கள்.

வெள்ளியில் ரப்பர் பேண்ட் போடாதீர்கள். அதிலுள்ள கந்தகம் பட்ட இடம் கறுத்துவிடும். பருத்தித் துணியில் சுற்றி, ஜிப் கவரில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றும் வைத்தால் போதும்.