ஜெர்மனியின் மத்திய அரசைப் புரிந்துகொள்ள ஒரு சட்டத்தின் பின்னாலேயே போங்கள்

சட்டமன்றம், நிர்வாகம், நீதித்துறை என மூன்று பிரிவு என்று படம் போட்டு மனப்பாடம் செய்யாதீர்கள், நிற்காது. ஒரு சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அது போகிற வழியெல்லாம் போங்கள். என்னைக் கேட்டால் 2002-இன் குடியேற்றச் சட்டத்தை எடுங்கள்.

முதலில் புண்டெஸ்டாக், மக்கள் தேர்ந்தெடுக்கும் அவை. சான்சலரை, அதாவது நம் பிரதமர் போல அரசை நடத்துபவரை, தேர்ந்தெடுப்பதும் இதுதான். அவரை இறக்க வேண்டுமென்றால் அடுத்தவரை அதே வாக்கெடுப்பில் தேர்ந்தெடுத்தாக வேண்டும், 1982-இல் ஷ்மிட் போய் கோல் வந்தது அப்படித்தான். சட்டம் இங்கே நிறைவேறியது.

அப்புறம் புண்டெஸ்ராட். இங்கே நிதானமாகப் பாருங்கள். 16 மாநில அரசுகளின் ஆட்கள் உட்காரும் அவை, மாநிலத்துக்கு 3 முதல் 6 வாக்கு, மொத்தம் 69, ஒரு மாநிலம் தன் வாக்குகளைப் பிரித்துப் போடவே முடியாது. மார்ச் 22 அன்று பிராண்டன்பர்க்கின் முறை வந்தபோது ஓர் அமைச்சர் 'ஆம்' என்றார், இன்னோர் அமைச்சர் 'இல்லை' என்றார். அவைத் தலைவர் அந்த மாநில முதல்வரிடம் கேட்டு, 'ஆம்' என்றே கணக்கில் எடுத்துக்கொண்டார். அவையில் ஒரே கூச்சல்.

குடியரசுத் தலைவர் ராவ் கையெழுத்தும் போட்டுவிட்டார். ஆனால் டிசம்பரில் கார்ல்ஸ்ரூ நகரின் அரசியல் சாசன நீதிமன்றம், பிரிந்த வாக்கு சம்மதம் ஆகாது என்று சட்டத்தையே செல்லாததாக்கியது. அதன் 16 நீதிபதிகளில் பாதிப்பேரை புண்டெஸ்டாக்கும் மீதியை புண்டெஸ்ராட்டும் தேர்ந்தெடுக்கின்றன, பதவி 12 ஆண்டு, மறுமுறை கிடையாது.

இன்றைய சட்டம் எதையாவது இப்படிப் பின்தொடர்ந்தால், புண்டெஸ்ராட்டின் ஒப்புதல் அதற்குக் கட்டாயமா என்று முதலில் பாருங்கள். கட்டாயமில்லை என்றால் அதன் ஆட்சேபத்தை புண்டெஸ்டாக் வாக்கெடுத்துத் தள்ளிவிடலாம்.