காயோ பிந்தோ: கோஸ்டா ரிக்காவின் காலைச் சோறு, முதல்முறை செய்பவர்களுக்கு

கோஸ்டா ரிக்காவுக்கு வேலைக்கோ படிப்புக்கோ வந்து இறங்கியவர்கள் முதல் வாரத்திலேயே காயோ பிந்தோவைச் சாப்பிட்டிருப்பார்கள். சோறும் கறுப்பு பீன்ஸும் சேர்த்து வாணலியில் கிளறுவது. இங்குள்ள சின்னச் சாப்பாட்டுக் கடைகளுக்கு 'சோடா' என்று பெயர். விடிந்ததும் எந்த சோடாவுக்குள் நுழைந்தாலும் இதன் மணம்தான் வரும். பெயருக்குப் பொருள் புள்ளிச் சேவல். வீட்டில் வெறும் 'பிந்தோ' என்றே சொல்வார்கள்.

பார்க்க எளிதாக இருக்கும். நானும் அப்படி நினைத்துத்தான் தலைநகர் சான் ஹோசேக்கு வந்த புதிதில் செய்தேன். பீன்ஸை வேகவைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு, சுடுசோற்றில் போட்டுக் கிளறினேன். சோறு குழைந்தது, பீன்ஸ் தனியாக நின்றது, உப்பு மட்டும்தான் நாக்கில் தெரிந்தது. எட்டிப் பார்த்த வீட்டுக்கார அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: "கால்டோ எங்கே?" கால்டோ என்றால் பீன்ஸ் வெந்த அந்தக் கறுப்புச் சாறு. பிந்தோவின் நிறம், உப்பு, மணம் மூன்றும் அதில்தான் இருக்கின்றன. இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும்.

இரண்டு மூன்று பேருக்கு வேண்டியவை: ஆறிய சோறு 3 கப், வெந்த கறுப்பு பீன்ஸ் ஒன்றரை கப், கால்டோ அரை கப், ஒரு வெங்காயம், பாதி சிவப்புக் குடைமிளகாய், பூண்டு 4 பல், கொத்தமல்லி ஒரு கைப்பிடி, எண்ணெய் 2 மேசைக்கரண்டி, லிசானோ சாஸ் 2 மேசைக்கரண்டி.

படி 1: வாங்குவது

காய்கறிக்கு வார இறுதியில் கூடும் விவசாயிகள் சந்தைக்குப் போங்கள். 'ஃபேரியா' என்பார்கள். அங்கே 'குலாந்த்ரோ' என்று கேட்டால் நம் கொத்தமல்லி கிடைக்கும். 'குலாந்த்ரோ கொயோட்டே' என்பது வேறு: நீள இலை, ரம்பம் போன்ற ஓரம், மணம் பல மடங்கு தூக்கலாக இருக்கும். இரண்டிலும் கொஞ்சம் வாங்குங்கள்.

அரிசிப் பையில் 80%, 95%, 99% என்று ஓர் எண் இருக்கும். உடையாத முழு அரிசி எவ்வளவு என்பதுதான் அது. குருணை கூடினால் சோறு ஒட்டும். பிந்தோவுக்கு 95-க்குக் குறையாமல் வாங்குவது நல்லது.

லிசானோ 1920 முதல் இந்த நாட்டில் இருக்கும் பழுப்புநிற சாஸ். லேசான இனிப்பு, லேசான புளிப்பு, பின்னால் சீரகம் போல ஒரு வாசம். எந்தக் கடையிலும் கிடைக்கும்.

படி 2: முந்தின நாளே பீன்ஸ்

கறுப்பு பீன்ஸும் நம் ஊர் ராஜ்மாவும் ஒரே செடி இனம். ராஜ்மாவுக்குப் பார்க்கும் பக்குவமே இதற்கும். 200 கிராம் பீன்ஸை எட்டு மணி நேரம் ஊறவைத்து, ஊறிய தண்ணீரை மாற்றிவிடுங்கள். அதில் நஷ்டமில்லை. பீன்ஸுக்கு மேல் நான்கு விரல் உயரத்துக்குப் புதுத் தண்ணீர் ஊற்றி, பூண்டு 2 பல்லைத் தட்டிப் போட்டு, கொயோட்டே இலை இரண்டைச் சேர்த்து வேகவையுங்கள். குக்கரில் முதல் விசிலுக்குப் பிறகு சிறுதீயில் 15 நிமிடம். குக்கர் இல்லையென்றால் பொறுமை வேண்டும். சான் ஹோசே ஏறக்குறைய 1,170 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடுவதால் பீன்ஸ் வேக நேரம் பிடிக்கும். அரைவேக்காட்டில் மட்டும் சாப்பிட வேண்டாம், வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. விரலால் நசுக்கினால் மாவாக வேண்டும். உப்பு கடைசியில். சாற்றை ஒரு சொட்டும் கொட்டாதீர்கள்.

படி 3: சோறு

இதையும் முந்தின நாளே செய்துவிடுங்கள். ஒரு கரண்டி எண்ணெயில் கொஞ்சம் வெங்காயம் வதக்கி, ஒன்றரை கப் அரிசியைப் போட்டு ஒரு நிமிடம் புரட்டி, 3 கப் தண்ணீரும் உப்பும் சேர்த்து மூடிவிடுங்கள். ஆறியதும் ஃப்ரிட்ஜில் வையுங்கள். இரவெல்லாம் வெளியே விட வேண்டாம். மறுநாள் கையால் உதிர்த்தால் பொலபொலவென்று பிரியும். புளியோதரைக்கு ஆறவிட்ட சோறு கேட்கிறோமே, காரணம் அதேதான்.

படி 4: சேர்ப்பது

எண்ணெய் காய்ந்ததும் பொடியாக நறுக்கிய வெங்காயம், குடைமிளகாய், மீதிப் பூண்டு. வெங்காயம் கண்ணாடியாக வதங்கட்டும், சிவக்க வேண்டாம். பீன்ஸையும் கால்டோவையும் ஊற்றிக் கொதிக்கவிடுங்கள். அப்புறம் லிசானோ. சாறு பாதியாக வற்றியதும் சோறு. அடியிலிருந்து மேலாக, மெதுவாகப் புரட்டுங்கள். சாற்றைச் சோறு இழுத்துக்கொண்டு வெளிர்பழுப்பாகும். ஈரம் இருக்கும், ஆனால் தட்டில் தண்ணீர் தேங்காது. அதுதான் பதம். கொத்தமல்லியைத் தூவி அடுப்பை அணையுங்கள்.

மிளகாய்த்தூள் போடக் கை துறுதுறுக்கும். முதல் தடவையாவது போடாமல் செய்து பாருங்கள். காரம் வேண்டியவர்கள் மேசையில் வைத்திருக்கும் ஊறுகாய் மிளகாயைத் தொட்டுக்கொள்வது இங்கே வழக்கம்.

படி 5: பரிமாறுவது

முட்டை, 'தோர்த்தியா' என்னும் மெல்லிய சோள ரொட்டி, 'நாத்தில்யா' என்னும் புளிப்பான பாலேடு, பொரித்த வாழைப்பழம். பழம் வாங்கும்போது தோல் கறுத்ததாகப் பாருங்கள். மஞ்சளாக இருந்தால் இனிப்பு இறங்கியிருக்காது. காப்பியை மரச் சட்டத்தில் தொங்கும் துணிப்பையில் வடிப்பார்கள்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு ஒன்று. 'கார்னே' என்றால் இறைச்சி, ஆனால் வெளியில் சாப்பிடும்போது 'கார்னே இல்லாமல்' என்று மட்டும் சொன்னால் போதாது. பலருக்கு அந்தச் சொல் மாட்டிறைச்சியைத்தான் குறிக்கும், கோழி வந்து சேரலாம். கோழி, பன்றி என்று பெயர் சொல்லியே கேளுங்கள். பீன்ஸில் பன்றிக்கொழுப்பு சேர்ந்திருக்கிறதா என்றும் கேளுங்கள்.

கரீபியன் கடற்கரையில் லிமோனுக்குப் போனால் தேங்காய்ப்பாலில் வெந்த சோறும் பீன்ஸும் கிடைக்கும். அதைப் பிந்தோ என்று சொல்லிவிடாதீர்கள். 1870-களில் தொடங்கிய ரயில் பாதை வேலைக்கு ஜமைக்காவிலிருந்து வந்தவர்களின் சமையல் அது. ஸ்பானிஷ் பேசும்போதும் 'ரைஸ் அண்ட் பீன்ஸ்' என்றே சொல்வார்கள். தைம் இலையும், உடையாமல் முழுதாக மிதக்கும் ஒரு காரமிளகாயும் அதற்கு உயிர். தேங்காய்ப்பாலில் வளர்ந்த நாக்குக்கு அது உடனே பிடித்துப்போகும்.

சரி, மிச்சமிருக்கும் கால்டோவை என்ன செய்வது? அன்று இரவே கொஞ்சம் தண்ணீர் விட்டு, வெங்காயமும் கொத்தமல்லியும் போட்டுக் கொதிக்கவையுங்கள். ஆளுக்கொரு முட்டையை உடைத்து மெதுவாக உள்ளே விட்டு மூடிவையுங்கள். இதற்கு 'சோப்பா நெக்ரா' என்று பெயர், கறுப்பு சூப். மழைக்கால மாலையில், கிண்ணத்தில் கொஞ்சம் சோறு போட்டு அதன்மேல் ஊற்றிச் சாப்பிட வேண்டும்.