தீர்ப்பு வந்தபின் செய்யக்கூடாத தவறுகள்

பிரிட்டனில் வேலை, சம்பளத் தகராறுகளை விசாரிக்கும் தொழில் தீர்ப்பாயத்தில் வென்றவர்கள் பற்றி அரசு 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, தொகையை முழுதாகப் பெற்றவர்கள் 49 சதவீதம். 35 சதவீதம் பேருக்கு ஒரு பென்னிகூட வரவில்லை. உழைத்த கூலிக்காக மாதக்கணக்கில் வழக்காடி ஜெயித்தவர்கள் இவர்கள். நினைக்கவே நெஞ்சு கொதிக்கிறது.

தீர்ப்பாயமே வசூலித்துத் தரும் என்று காத்திருப்பதுதான் பெருந்தவறு. தொகையைத் தீர்மானிப்பதோடு அதன் அதிகாரம் முடிகிறது. வசூலுக்கு நீங்கள்தான் விண்ணப்பிக்க வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கவுன்டி கோர்ட்டுக்குப் போகலாம். அல்லது ‘ஃபாஸ்ட் டிராக்’ என்ற விரைவு வசூல் முறை வழியாக உயர் நீதிமன்ற அமலாக்க அலுவலரை அனுப்பலாம். ஸ்காட்லாந்தில் இது ஷெரிஃப் அலுவலர் வேலை. 14 நாளுக்குள் முழுத்தொகை வராவிட்டால், தீர்ப்புக்கு மறுநாளிலிருந்தே ஆண்டுக்கு 8 சதவீத வட்டி சேரும். அதைக் கேட்க மறக்காதீர்கள்.

“அப்பீல் போட்டிருக்கிறோம், முடியட்டும்” என்று முதலாளி சொன்னால் நம்பி உட்காராதீர்கள். மேல்முறையீடு செய்ததாலேயே பணம் கட்டும் கடமை நின்றுவிடாது. நிறுத்திவைக்கும் உத்தரவு இருக்கிறதா என்று கேளுங்கள்.

அடுத்தது பெயர். கடைப் பலகையில் ஒரு பெயர், சம்பளச் சீட்டில் ‘லிமிடெட்’ என்று முடியும் வேறொரு பெயர். லண்டனில் ஈஸ்ட்ஹாமிலும் டூட்டிங்கிலும் உள்ள நம்மவர் கடைகளிலும் உணவகங்களிலும் வேலை செய்தவர்களுக்கு இது தெரிந்த கதைதான். கடைப் பெயருக்குத் தீர்ப்பு வாங்கினால், வாசலுக்கு வரும் அலுவலரிடம் “அந்தப் பெயரில் இங்கே யாருமில்லை” என்று சொல்லி அனுப்பிவிட முடியும். வழக்குப் போடும்போதே சம்பளச் சீட்டையும், ஆண்டுச் சம்பளமும் வரியும் காட்டும் பி60 படிவத்தையும், நிறுவனங்களைப் பதிவுசெய்யும் அரசு அலுவலகமான கம்பனீஸ் ஹவுஸின் பதிவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தீர்ப்பில் பிழை கண்டால் ஒரு நாளும் தாமதிக்காமல் தீர்ப்பாயத்துக்கு எழுதுங்கள். மறுபரிசீலனை கேட்க 14 நாள்தான் அவகாசம்.

முதலாளியிடம் என்ன இருக்கிறது என்று தெரியாமல் கட்டணம் கட்டுவதும் வீண். நிறுவன இயக்குநரை நீதிமன்றத்துக்கு வரவழைத்து, சொத்து விவரங்களைச் சத்தியப் பிரமாணத்தின்மேல் சொல்லவைக்கும் உத்தரவைக் கேட்கலாம். வங்கி எது என்று தெரிந்தால் கணக்கிலிருக்கும் பணத்தையே முடக்கிப் பெற வழியுண்டு. சம்பளம் ஒருமுறையாவது காசோலையாக வந்திருந்தால் அந்த வங்கியின் பெயர் உங்களிடமே இருக்கிறது.

தீர்ப்புத் தொகையைக் கட்டாத முதலாளிகளுக்கான அரசின் அபராதத் திட்டத்தில் புகார் செய்துவிட்டு, அதோடு வேலை முடிந்தது என்று இருப்பவர்களும் உண்டு. அந்த அபராதம் 5,000 பவுண்டு வரை போகலாம். ஆனால் அது அரசுக் கஜானாவுக்குப் போவது. எச்சரிக்கைக் கடிதத்துக்குப் பயந்து சிலர் கட்டிவிடுவார்கள் என்பதால் புகார் கொடுங்கள், கூடவே வசூலையும் நடத்துங்கள்.

இதற்கிடையில் நிறுவனத்தைப் பதிவேட்டிலிருந்து நீக்கிக் கலைத்துவிட முதலாளி விண்ணப்பிக்கக்கூடும். கம்பனீஸ் ஹவுஸ் தளத்தில் அந்த நிறுவனத்தைப் பின்தொடர்ந்தால் மின்னஞ்சலில் தகவல் வரும், செலவில்லை. அறிவிப்பு வந்ததும் தீர்ப்பு நகலை இணைத்து ஆட்சேபணை அனுப்புங்கள். நிறுவனம் முறைப்படி திவாலாகிவிட்டால் தேசியக் காப்பீட்டு நிதியிலிருந்து, வாரத்துக்கு ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு, 8 வாரம் வரையான சம்பள பாக்கியும் 6 வாரம் வரையான விடுமுறை ஊதியமும் கேட்கலாம். நியாயமற்ற பணிநீக்கத்துக்கான அடிப்படை இழப்பீட்டையும் அங்கே கேட்க முடியும்.