குழந்தையை இழந்த தாயின் கைபேசிக்கு வரும் நினைவூட்டல்கள்

குழந்தையை இழந்த தாய்க்கு உதவ நினைப்பவர்கள், "எது வேண்டுமானாலும் கேளுங்கள்" என்று பொதுவாகச் சொல்வதை விட, அவருடைய சம்மதத்துடன், குழந்தையின் பெயரில் தொடர்ந்து வரும் தகவல்களை நிறுத்தும் பொறுப்பை ஏற்றுக்கொள்ளலாம். தடுப்பூசி நினைவூட்டல், "உங்கள் குழந்தைக்கு இன்று 9 மாதம்" என்று வாழ்த்தும் செயலி, டயப்பர் விளம்பரம் முதலியவை பெரும்பாலும் பிறந்த தேதியை வைத்துத் தானாகவே வருவதால், யாராவது தெரிவிக்கும்வரை அவை நிற்பதில்லை. தெரிவிப்பதென்றாலோ, நடந்ததை ஒவ்வோரிடத்திலும் முதலிலிருந்து சொல்லியாக வேண்டும். அந்த வேலை தாயின் தலையில் விழக் கூடாது. சில இடங்களில் இறப்புச் சான்றிதழ் கேட்பார்கள் என்பதால், நகல் ஒன்றைக் கையில் வைத்திருப்பது நல்லது.

செயலியை நீக்கும் முன், அதிலுள்ள படங்களையும் எடைக் குறிப்புகளையும் தனியே சேமித்துவிட வேண்டும். பிறகு அவை கிடைக்காமல் போகலாம். அந்தத் தகவல்கள் வந்துகொண்டிருக்கட்டும் என்று தாயே விரும்பினால், எதையும் தொட வேண்டாம். அவர் உயிரோடிருக்க விருப்பமில்லை என்று பேசத் தொடங்கினால், இது போன்ற உதவிகள் போதா. அவரைத் தனியே விடாமல் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.