தானே கற்ற டிரேடர், பிறகு பயிற்சியாளர்: இரண்டு தொழிலிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிறுவனத்தில் வேலை செய்யும் டிரேடருக்கு மேலே ஒரு ரிஸ்க் மேனேஜர் இருப்பார். அன்றைய நஷ்டம் வரம்பைத் தாண்டினால் பொசிஷனை மூடச் சொல்வார். கேட்காவிட்டால் அவரே மூடிவிடுவார். தனியாக டிரேட் செய்பவருக்கு அப்படி யாரும் கிடையாது. தானே கற்றவருக்கு இன்னொரு குறையும் உண்டு: தப்பாகக் கற்றதைத் திருத்தவும் ஆள் இல்லை. சந்தையே திருத்திவிடும் என்பார்கள். சந்தை தப்பான முடிவுக்கும் லாபம் தரும், சரியான முடிவுக்கும் நஷ்டம் தரும். எது எது என்று பிரித்துப் பார்க்க நூற்றுக்கணக்கான டிரேடுகள் வேண்டும். இந்தத் தொழிலில் விழுபவர்கள் பெரும்பாலும் விழுவது, தட்டிக்கேட்க ஆள் இல்லாத இடத்தில்தான். அந்த ஆளின் இடத்தை எழுதி வைத்த விதிகளும் கணக்கும் நிரப்ப வேண்டும்.

சில மாத லாபத்தை வைத்து வேலையை விடுவது

20 டிரேடில் 13 லாபம் வந்தால் கையில் ஒரு முறை சிக்கிவிட்டது என்று தோன்றும். காசைச் சுண்டிக் கணித்தாலும் 20-க்கு 13 அல்லது அதற்கு மேல் பலிக்க சுமார் 13 சதவீத வாய்ப்பு இருக்கிறது. அதாவது எந்தத் திறமையும் இல்லாத எட்டுப் பேர் முயன்றால் சராசரியாக ஒருவருக்கு இது நடக்கும் என்று எதிர்பார்க்கலாம். சந்தை ஏறிக்கொண்டிருக்கும் ஆண்டாக இருந்தால் இன்னும் எளிது. குறைந்தது 200 டிரேடு, அதிலும் ஏறும் சந்தை, இறங்கும் சந்தை, பக்கவாட்டில் நகரும் சந்தை மூன்றையும் பார்த்த பிறகே முடிவுக்கு வர வேண்டும்.

விடாமல் செய்தால் தானாக வந்துவிடும் என்பதும் உண்மையில்லை. பிரேசிலில் 2013 முதல் 2015 வரை பங்குக் குறியீட்டு ஃபியூச்சர்ஸில் (பிந்தைய தேதிக்கான ஒப்பந்தங்களில்) டே டிரேடிங், அதாவது அன்றே வாங்கி அன்றே விற்பது, தொடங்கியவர்களை ஆய்வாளர்கள் பின்தொடர்ந்தார்கள். 300 நாட்களுக்கு மேல் தொடர்ந்தவர்களில் 97 சதவீதம் பேர் நஷ்டத்தில் இருந்தார்கள். இந்தியாவில் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி 2024-இல் வெளியிட்ட ஆய்வும், முந்தைய மூன்று நிதியாண்டுகளில் பங்கு ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம் என்றது. பதிவும் திருத்தமும் இல்லாமல் திரும்பத் திரும்பச் செய்தால் பழகுவது தவறுதான்.

எத்தனை பங்கு என்பதை மனம் போனபடி முடிவு செய்வது

புதியவர்கள் எந்தப் பங்கு, எந்த விலை என்று மணிக்கணக்கில் தேடுவார்கள். எத்தனை வாங்குவது என்பதை ஆர்டர் போடும் நொடியில் முடிவு செய்வார்கள். கணக்கைக் காலி செய்வது பெரும்பாலும் இந்த இரண்டாவது முடிவுதான்.

சரியான வரிசை இது. முதலில் ஸ்டாப் லாஸ் (நஷ்டத்தை நிறுத்த விற்று வெளியேறும் விலை) எங்கே என்று சார்ட்டைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்; உங்கள் கணிப்பு தவறு என்று எந்த விலையில் தெரியுமோ அந்த விலை. அடுத்து ஒரு டிரேடில் மூலதனத்தில் எவ்வளவு போகலாம் என்ற வரம்பு, பெரும்பாலோருக்கு 0.5 முதல் 1 சதவீதம் போதும். மூலதனம் 5,00,000, வரம்பு 1 சதவீதம் என்றால் 5,000. வாங்கும் விலை 240, ஸ்டாப் லாஸ் 228 என்றால் ஒரு பங்குக்கு ரிஸ்க் 12. 5,000-ஐ 12-ஆல் வகுத்தால் 416 பங்கு. அதன் மதிப்பு 99,840. மூலதனத்தில் ஐந்தில் ஒரு பங்கு.

இதே கணக்கை வைத்துக்கொண்டே தவறு செய்ய முடியும். ஸ்டாப் லாஸை 238-க்கு நெருக்கிவிட்டால் சூத்திரம் 2,500 பங்கு வாங்கச் சொல்லும். அது 6,00,000, மூலதனத்தைவிட அதிகம். கடன் வாங்கித்தான் வாங்க முடியும். காலாண்டு முடிவு மோசமாகி, மறுநாள் அந்தப் பங்கு 204-இல் திறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்டாப் லாஸ் ஆர்டர் விலையைத் தொட்டதும் மார்க்கெட் ஆர்டராக மாறிக் கிடைத்த விலைக்கு விற்கும். 238-இல் விற்றுத் தருவதாக அது உறுதி சொல்லவில்லை. 416 பங்கு வைத்திருந்தவருக்கு 14,976 நஷ்டம், அதாவது 3 சதவீதம். 2,500 வைத்திருந்தவருக்கு 90,000, அதாவது 18 சதவீதம். இருவருமே 1 சதவீத ரிஸ்க் என்றுதான் எழுதி வைத்திருந்தார்கள். ஆகவே ரிஸ்க் வரம்போடு மதிப்பு வரம்பும் வேண்டும்: ஒரே பங்கில் மூலதனத்தின் 20 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது, நிறுவன முடிவு வரும் நாளைத் தாண்டி வைத்திருந்தால் அளவைப் பாதியாக்க வேண்டும். ஒரே துறையில் ஐந்து பங்கு வாங்கினால் அது பரவலாக்கம் ஆகாது. ஒரு செய்தியில் ஐந்தும் சேர்ந்தே விழும், நஷ்டமும் ஐந்து மடங்காகும்.

'இந்த விலைக்குக் கீழே விற்காதே' என்று லிமிட் வைத்த ஸ்டாப் ஆர்டர் போட்டால் இதைத் தவிர்க்கலாமே என்று கேட்பார்கள். விலை உங்கள் லிமிட்டைத் தாண்டிக் கீழே திறந்தால் அந்த ஆர்டர் நிறைவேறாமலே நிற்கும், பங்கு உங்கள் கையில் மேலும் விழும். 2015 ஜனவரி 15-இல் சுவிஸ் மத்திய வங்கி தன் நாணயத்துக்கு வைத்திருந்த வரம்பைத் திடீரென்று எடுத்தபோது ஸ்டாப் லாஸ் போட்டவர்கள் பலருக்கு, போட்ட விலைக்கு வெகு தூரத்தில்தான் வெளியேற்றம் கிடைத்தது. பாதுகாப்பு அளவில் இருக்கிறது. ஆர்டர் வகை அதற்கு அடுத்துதான்.

அளவு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு இன்னொரு கணக்கு. 10-க்கு 4 டிரேடில் லாபம், லாபம் வந்தால் ரிஸ்க்கைப் போல் இரண்டு மடங்கு: நல்ல முறைதான். அந்த முறையிலும் 200 டிரேடுக்குள் எங்காவது தொடர்ச்சியாக எட்டு நஷ்டம் வர 70 சதவீதத்துக்கும் மேல் வாய்ப்பு உண்டு. டிரேடுக்கு 1 சதவீதம் வைத்தவர் அந்த எட்டில் 7.7 சதவீதம் இழப்பார். 5 சதவீதம் வைத்தவர் சுமார் 34 சதவீதம் இழப்பார். பழைய இடத்துக்குத் திரும்ப அவருக்கு 51 சதவீத லாபம் தேவை. பாதி போனால் இரட்டிப்பாக வேண்டும்.

நஷ்டத்தில் ஆவரேஜ் பண்ணுவதும், அதாவது விலை விழ விழ மேலும் வாங்குவதும், இந்த வகைத் தவறே. திட்டத்தில் முன்கூட்டியே எழுதாத எந்தக் கூடுதல் வாங்கலும் ஸ்டாப் லாஸை மதிக்க மறுப்பதுதான்.

ரிஸ்க் மேனேஜரின் இடத்தை நிரப்ப இரண்டு எண்கள் போதும். ஒரு நாளில் மூன்று முழு ஸ்டாப் லாஸ் அடித்தால் அன்றைக்கு மூடிவிட வேண்டும். மாத நஷ்டம் 6 சதவீதம் ஆனால் அந்த மாதம் புது டிரேடு இல்லை. தினசரி நஷ்ட வரம்பைப் புரோக்கர் தளத்திலேயே அமைக்கும் வசதி இருந்தால் அங்கேயே போட்டுவிடுங்கள். பதற்றத்தில் இருக்கும் நேரத்தில் சொந்த வாக்குறுதிக்கு வலு குறைவு.

செலவைக் கணக்கில் எடுக்காத பேக்டெஸ்ட்

ஒரு முறையைப் பழைய விலைத் தரவில் ஓட்டிப் பார்ப்பதுதான் பேக்டெஸ்ட். மேலே சொன்ன, 10-க்கு 4 லாபம் வரும் முறையில் சராசரி லாபம் ரிஸ்க்கில் 0.2 மடங்கு, அதாவது 5,000 ரிஸ்க்குக்கு ஒரு டிரேடுக்கு 1,000. தரகு, வரி, ஸ்லிப்பேஜ் (எதிர்பார்த்த விலைக்கும் கிடைத்த விலைக்கும் உள்ள வித்தியாசம்) எல்லாம் சேர்த்து வாங்கி விற்க 0.5 சதவீதம் ஆனால் 99,840-க்கு ஏறக்குறைய 500. லாபத்தில் பாதி அங்கேயே போயிற்று. அமெரிக்காவில் ஆய்வாளர்கள் பார்பர், ஓடியன் இருவரும் 66,465 குடும்பங்களின் 1991–1996 கணக்குகளை ஆராய்ந்தபோது, சந்தை ஆண்டுக்கு 17.9 சதவீதம் தந்த காலத்தில் மிக அதிகமாக வாங்கி விற்ற பிரிவினருக்கு 11.4 சதவீதமே மிஞ்சியது.

பேக்டெஸ்டில் அடிக்கடி நடக்கும் மற்ற பிழைகள் நான்கு. இன்றைய மூடும் விலையை வைத்து சிக்னல் எடுத்து, அதே மூடும் விலையில் வாங்கியதாகக் காட்டுவது. உண்மையில் மறுநாள் திறப்பு விலைதான் கிடைக்கும். இன்று குறியீட்டில் இருக்கும் நிறுவனங்களை மட்டும் எடுத்துப் பத்தாண்டு பின்னோக்கிச் சோதிப்பது. நடுவில் மூழ்கிய நிறுவனங்கள் பட்டியலிலேயே இல்லாததால் முடிவு அழகாக வரும். போனஸ், பங்குப் பிரிப்புக்குத் திருத்தாத விலையைப் பயன்படுத்துவது. ஒன்றுக்கு ஒன்று போனஸ் அன்று விலை பாதியாகி, நடக்காத வீழ்ச்சி ஒன்று பதிவாகும். கடைசியாக, 20 நாள் சராசரி சரிவரவில்லை என்று 17, 23 என்று மாற்றிக்கொண்டே போய் நல்ல எண் வந்ததும் நிறுத்துவது. 17-இல் லாபமும் 16, 18-இல் நஷ்டமும் வருகிற முறை, பழைய தரவை மனப்பாடம் செய்திருக்கிறது. தரவின் கடைசி மூன்றில் ஒரு பகுதியைத் தொடாமல் ஒதுக்கி, எல்லாம் முடிந்தபின் ஒரே ஒரு முறை அதில் சோதியுங்கள்.

ஜர்னலில் லாப நஷ்டம் மட்டும் எழுதுவது

அது புரோக்கர் ஸ்டேட்மென்டிலேயே இருக்கிறது. ஜர்னலில் வேண்டியவை: வாங்கும் முன் எழுதிய காரணம், திட்டமிட்ட விலையும் கிடைத்த விலையும், திட்டமிட்ட ஸ்டாப் லாஸ், அளவு, வெளியேறிய காரணம், லாப நஷ்டம் ரிஸ்க்கில் எத்தனை மடங்கு, விதியை மீறினேனா இல்லையா. இந்தக் கடைசிக் கட்டம்தான் தானே கற்பவருக்கு ஆசிரியர். மாதக் கடைசியில் விதிப்படி செய்த டிரேடுகளைத் தனியாகவும் மீறியவற்றைத் தனியாகவும் கூட்டிப் பாருங்கள். விதிப்படி செய்தவை லாபம், மீறியவை நஷ்டம் என்றால் முறையைத் தொடக்கூடாது. விதிப்படி செய்தவையே 100 டிரேடுக்குப் பிறகும் நஷ்டம் என்றால் மாற்ற வேண்டியது முறையை.

வாழ்க்கைச் செலவை டிரேடிங் கணக்கிலிருந்து எடுப்பது

ஆண்டுச் செலவு மூலதனத்தில் 30 சதவீதம் என்றால், கணக்கு வளராமல் அப்படியே நிற்பதற்கே 30 சதவீதம் சம்பாதிக்க வேண்டும். முதல் காலாண்டில் 15 சதவீதம் நஷ்டம், கூடவே செலவுக்கு 7.5 எடுத்தால் 100 என்பது 77.5 ஆகிவிடும், திரும்பி வர 29 சதவீதம் தேவை. அந்த நெருக்கடியில்தான் அளவு பெரிதாகும். குறைந்தது ஓர் ஆண்டு, முடிந்தால் இரண்டு ஆண்டுச் செலவு டிரேடிங் கணக்குக்கு வெளியே இருக்க வேண்டும். வரிக்கான தொகையையும் லாபம் வந்த மாதமே தனியாக ஒதுக்குங்கள்.

கற்றுக்கொடுக்கத் தொடங்கும்போது

பயிற்சிக் கட்டணம் நிலையான வருமானம் என்பதால் டிரேடர் பலர் இதற்கு வருகிறார்கள். அதில் தவறு ஒன்றும் இல்லை. இரண்டு வருமானத்தையும் ஒரே கணக்கில் போடுவதில்தான் தவறு தொடங்குகிறது. கட்டணப் பணம் நஷ்டத்தை மூடும். டிரேடிங் முறை செத்துவிட்டதே தெரியாது. மாணவர்கள் ரிஸ்க் மேனேஜர் ஆக மாட்டார்கள், அவர்கள் கைதட்ட வந்தவர்கள். தனி வங்கிக் கணக்கு, தனிப் பேரேடு முதல் நாளிலிருந்தே வேண்டும்.

லாப ஸ்கிரீன்ஷாட் போடாதீர்கள். ஒரு நாள் லாபம் எதையும் காட்டாது. சதவீதமே ஏமாற்றும் என்பதற்கு ஒரு கணக்கு: 1,00,000-இல் தொடங்கி 20 சதவீதம் ஏறி 1,20,000. அப்போது மேலும் 4,00,000 போடுகிறார். பிறகு 10 சதவீதம் இறங்கி 4,68,000. எப்போது எவ்வளவு பணம் போட்டார் என்பதைப் பார்க்காமல் சதவீதங்களை மட்டும் பெருக்கும் காலவாரி வருமானம் 8 சதவீத லாபம் என்று வரும். போட்ட 5,00,000-இல் 32,000 நஷ்டம். இரண்டு எண்ணையும், உச்சத்திலிருந்து விழுந்த மிகப் பெரிய சரிவையும் சேர்த்துக் காட்டுவதே நேர்மை.

பாடம் எங்கே முடிந்து ஆலோசனை எங்கே தொடங்குகிறது என்பதைச் சட்டம் தீர்மானிக்கிறது, நாட்டுக்கு நாடு அது மாறும். அமெரிக்காவில் 1940-ஆம் ஆண்டு முதலீட்டு ஆலோசகர் சட்டம், எல்லோருக்கும் பொதுவாக வெளியிடுவதை ஒருவருக்கென்று சொல்வதிலிருந்து பிரித்துப் பார்க்கிறது. இந்தியாவில் ஆலோசகருக்கு 2013 விதிகளும் ஆய்வாளருக்கு 2014 விதிகளும் பதிவைக் கோருகின்றன; கல்வி மட்டும் தருவதாகச் சொல்பவர் கடந்த மூன்று மாத விலைத் தரவைப் பயன்படுத்தக்கூடாது என்று 2025 ஜனவரியில் செபி தெளிவுபடுத்தியது. 'இது கல்விக்காக மட்டும்' என்று அடியில் எழுதிவிட்டு நேரலையில் பங்கின் பெயர், விலை, ஸ்டாப் லாஸ், டார்கெட் சொன்னால் அந்த வரி காப்பாற்றாது. எங்கே இருந்தாலும் பழைய சார்ட்டுகளை வைத்தே பாடம் நடத்துவது பாதுகாப்பு. கற்பதற்கும் அது போதும்.

தான் வாங்கி வைத்திருக்கும் பங்கை வகுப்பில் புகழ்வது இதைவிட மோசம். ஒரு நாளில் 20,000 பங்கு கைமாறும் சிறு நிறுவனத்தை 300 மாணவர்கள் ஆளுக்கு 200 வாங்கினால் 60,000. மூன்று நாள் வர்த்தகம். விலை ஏறும், ஆசிரியர் சொன்னது பலித்ததாகத் தெரியும், வெளியேறும்போது வாங்க ஆள் இருக்காது. முன்பே வாங்கிவிட்டுப் பிறகு பரிந்துரைத்து, ஏறியதும் விற்ற ஓர் ஆலோசனை நிறுவனத்தின் வழக்கில், அதை வாடிக்கையாளரிடம் மறைத்தது மோசடி என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1963-இலேயே சொல்லிவிட்டது.

மாணவர்களின் வர்த்தகத் தொகைக்கு ஏற்பப் புரோக்கர் தரும் கமிஷனையும் வாங்கக்கூடாது. அவர்கள் அதிகமாக டிரேட் செய்ய வேண்டும் என்ற ஆசை பாடத்துக்குள் தெரியாமலே நுழையும். மாணவரின் பாஸ்வேர்டை வாங்கி அவர் கணக்கில் டிரேட் செய்வது பல நாடுகளில் உரிமம் தேவைப்படும் வேலை. நஷ்டம் வந்தால் பொறுப்பு முழுதும் உங்களுடையது.

பாடத்திட்டத்தில் இண்டிகேட்டரை (விலையிலிருந்து கணக்கிடும் சார்ட் குறியீடுகளை) முதலில் வைப்பதும் பரவலான தவறு. ஆர்எஸ்ஐ, எம்ஏசிடி, நகரும் சராசரி மூன்றும் ஒரே விலைத் தொடரிலிருந்து வருபவை. மூன்றும் ஒத்துப்போனால் மூன்று சாட்சி கிடைத்ததாக ஆகாது. 1983-இல் அமெரிக்க ஃபியூச்சர்ஸ் டிரேடர் ரிச்சர்ட் டென்னிஸ் பலதரப்பட்டவர்களைத் தேர்ந்தெடுத்துச் சில வாரமே பயிற்சி கொடுத்தார். எப்போது வாங்குவது என்பதோடு எத்தனை வாங்குவது என்பதும் அதில் கட்டாய விதி. பிறகு அவர்களுக்குத் தன் சொந்தப் பணத்தைக் கொடுத்து டிரேட் செய்யச் சொன்னார். உங்கள் பாடத்திட்டம் இப்படி இருக்கட்டும்: முதல் மாதம் ஆர்டர் வகைகள், செலவு, அளவுக் கணக்கு, ஜர்னல். இரண்டாம் மாதம் பேக்டெஸ்ட். அதன் பிறகு சார்ட். இந்த வரிசையில் சில மாணவர்கள் சலித்து விலகுவார்கள், அவர்களின் பணமாவது மிஞ்சும்.

வெற்றி பெற்ற மூன்று பேரின் வாக்குமூலத்தை விளம்பரத்தில் போடும் முன், அந்தத் தொகுப்பில் சேர்ந்த அத்தனை பேரையும் ஆறு மாதம் கழித்துக் கேளுங்கள்: இன்னும் டிரேட் செய்கிறார்களா, ஜர்னல் எழுதுகிறார்களா, மூலதனத்தில் எத்தனை சதவீதம் மீதி. பதில் சொல்லாதவர்களையும் எண்ணிக்கையில் சேர்த்து, புதிதாகச் சேர வருபவர் கட்டணம் கட்டும் முன் அந்த முழு எண்ணைக் காட்டுங்கள்.